சேலைக்கு முத்திரை கேட்கிறோம்... கம்ப்யூட்டருக்கு?



பட்டுச் சேலை எடுக்கப் போனால் நம்மில் யாராவது சும்மா விடுகிறோமா? ஜரிகையை உரசிப் பார்க்கிறோம். கரையைத் திருப்பிப் பார்க்கிறோம். "சில்க் மார்க் சீட்டு எங்கே?" என்று கேட்கிறோம். ஆனால் பிள்ளைகள் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகளில் என்ன நடக்கிறது? கடைக்காரர், "எல்லா சாப்ட்வேரும் போட்டுட்டேன்" என்று சொன்னதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போட்டுத் தந்தது யாருடையது, அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். காஞ்சிபுரம் ஓரிக்கையில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் கூலிக்குத் தறி நெய்கிறார். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது எல்லாம் நானும் மாமியாரும். மகள் பிளஸ் ஒன் காமர்ஸ் குரூப். அதில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷனும் ஒரு பாடம். புதுசு வாங்க நமக்கு ஏது வசதி? சீட்டுப் பணம் ஒன்பதாயிரம் வந்தது. அதை வைத்துப் பழசு ஒன்று பார்க்கலாம் என்று ஒரு கடைக்குப் போனோம்.

அந்தக் கடைத் தம்பி ஒரு பெட்டியைக் காட்டி, "விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஃபுல்லா போட்டிருக்கேன் அக்கா. வெளியில வாங்கினா ஆயிரக்கணக்குல ஆகும். உங்களுக்கு ஃப்ரீ" என்றார். "லைசென்ஸ் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். உடனே சிரித்துவிட்டு, "இது என்ன பட்டுச் சேலையா அக்கா, முத்திரை கேக்கறீங்க?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வா, போகலாம்" என்று கிளம்பிவிட்டார்.

ஏன் தைத்தது என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கோர்வை போட்டு ஒரு சேலை நெய்ய ஒருவர் போதாது. கரை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று ஊடை மாற்றி மாற்றிக் கோத்து, எங்கள் வீட்டில் ஒரு சேலை இறங்கப் பதினைந்து இருபது நாள் ஆகிவிடும். அதே டிசைனைப் பார்த்து விசைத்தறியில் மடமடவென்று ஓட்டி, 'காஞ்சிபுரம் பட்டு' என்று பேர் வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கைத்தறிக்கு என்று ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டார்கள். மத்திய பட்டு வாரியம் 2004-ல் சில்க் மார்க் கொண்டுவந்தது. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு இருந்தும் டூப்ளிகேட் நின்றபாடில்லை. கேட்டால், "ஏழை பாழை குறைஞ்ச விலைக்கு உடுத்திட்டுப் போகட்டுமே, உங்களுக்கென்ன?" என்று பதில் வருகிறது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே இதில்தான் இருக்கிறது. டூப்ளிகேட்டை எதிர்த்துப் பேசுகிற வீட்டுக்குள்ளேயே டூப்ளிகேட் சாப்ட்வேரைக் கொண்டுவந்து வைத்தால், பிறகு எந்த வாயால் பேசுவது?

"சேலையும் கம்ப்யூட்டரும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ரொம்ப தூரமில்லை சகோதரிகளே. பிரான்ஸ் நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துப் பூ வேலை நெய்யும் தறியைச் செய்தார். எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை அட்டையில் இருக்கும் ஓட்டையே சொல்லிவிடும். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றுக்குத் திட்டம் வரைந்தார். அதைப் பற்றி 1843-ல் விளக்கி எழுதிய ஏடா லவ்லேஸ் ஒரு பெண்மணி. கம்ப்யூட்டருக்கான முதல் புரோகிராமை எழுதியவர் என்று பலரும் சொல்வது அவரைத்தான். அந்த ஜக்கார்டு பெட்டி இன்றைக்கும் காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் லைசென்ஸ் விஷயம் சுலபமாகப் புரியும். தறி வேறு, டிசைன் அட்டை வேறு. பழைய தறியை ஒருவர் விலைக்குக் கொடுத்தால், அதில் மாட்டியிருந்த டிசைனும் தானாக நம்முடையது ஆகிவிடாது. அது தனிப் பேச்சு. அதேபோல்தான் கம்ப்யூட்டர் பெட்டி வேறு, அதில் ஓடுகிற சாப்ட்வேர் வேறு. பெட்டிக்குக் கொடுத்த பணம் பெட்டிக்கு மட்டும்தான். சாப்ட்வேரை நாம் 'வாங்குவது' கூட இல்லையாம், பயன்படுத்த அனுமதி வாங்குகிறோம். அந்த அனுமதிக்குப் பெயர்தான் லைசென்ஸ்.

விண்டோஸ் லைசென்ஸில் மூன்று வகையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். முதல் வகை, கம்ப்யூட்டர் செய்த கம்பெனியே போட்டு அனுப்பியது. இதை ஓ.இ.எம். என்கிறார்கள். இது பெட்டியோடு ஒட்டிப் பிறந்தது. பெட்டி கை மாறினால் லைசென்ஸும் அதோடு வரும், ஆனால் அதைக் கழற்றி வேறு பெட்டியில் போட முடியாது. விண்டோஸ் 7 காலத்துப் பெட்டிகளில் 25 எழுத்தும் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் அந்த எண் மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும். அதனால் ஹார்ட் டிஸ்க் மாற்றினால் ஒன்றும் ஆகாது, மதர்போர்டை மாற்றினால் லைசென்ஸ் போச்சு. இரண்டாவது, கடையில் தனியாக விலைக்கு வாங்குவது. இதை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வாங்கினால் பழைய பெட்டியின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மூன்றாவது, பெரிய ஆபீஸ்கள் மொத்தமாக எடுக்கும் வால்யூம் லைசென்ஸ். ஆபீஸ் தன் பழைய பெட்டிகளை விற்கும்போது இந்த லைசென்ஸ் கூட வராது. இதில் ஒரு வகை 180 நாளுக்குள் ஆபீஸ் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியது. நம் வீட்டில் எந்த சர்வர் இருக்கிறது? அதனால்தான் சிலர் 'ஆக்டிவேட்டர்' என்று ஒரு திருட்டுப் புரோகிராமைப் போட்டு, பெட்டியை ஏமாற்றி வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு. திருட்டு சாப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக, வியாபாரத்துக்காக இல்லையென்றால் கோர்ட் சிறைத் தண்டனை தராமல் ஐம்பதாயிரம் வரை அபராதத்தோடு விடலாம். வீட்டில் வைத்துப் படிக்கிற பிள்ளையைத் தேடிப் போலீஸ் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அதே கம்ப்யூட்டரில் சேலை பில் போட, டி.டி.பி. வேலை செய்ய, ஆன்லைனில் விற்க ஆரம்பித்தால் அது தொழில் கணக்கில் வந்துவிடும். நம்மில் எத்தனை பேர் வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறோம்? யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் வேறு. அந்த ஆக்டிவேட்டரைப் போடும்போது, முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனையே காவலுக்கு வைப்பது மாதிரி இது! உள்ளே என்ன வந்து உட்காருகிறது என்று யார் கண்டது? இன்றைக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ஆதார் நகல், பேங்க் பாஸ் புக், மகளிர் குழு லோன் கணக்கு எல்லாமே கம்ப்யூட்டரில்தான். பாஸ்வேர்டைக் களவு கொடுத்துவிட்டு, "ஃப்ரீயாப் போட்டுக் கொடுத்தாங்க" என்று சந்தோஷப்பட முடியுமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பெட்டிகளை ஏற்றுக்கொள்வதில்லை. ஆபீஸ்கள் கழிக்கிற இப்படிப்பட்ட பெட்டிகள்தான் நம் மாதிரி வீடுகளுக்கு மலிவாக வருகின்றன. பெட்டி நன்றாக ஓடும், ஆனால் அதற்கேற்ற விண்டோஸ் இல்லை என்றால் என்ன செய்வது? தூக்கிக் குப்பையில் போடுவதா?

வேண்டாம். இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அதுதான் லினக்ஸ். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் ஆரம்பித்து வைத்தது. அதற்கு முன்பே 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'சாப்ட்வேர் எல்லோருக்கும் சுதந்திரமாகக் கிடைக்க வேண்டும்' என்று குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது.

இதற்கு லைசென்ஸ் கிடையாது என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் உண்டு, ஆனால் அது சொல்வதே வேறு. 'நீ பயன்படுத்து, எப்படிச் செய்திருக்கிறது என்று பிரித்துப் பார், மாற்றிக்கொள், பக்கத்து வீட்டுக்கும் கொடு' என்கிறது. எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோவில் குடலை இட்லி எல்லோருக்கும் தெரியும். மிளகு, சீரகம், சுக்கு போட்டு மூங்கில் குடலையில் வேக வைப்பது. அதன் பக்குவத்தை ஒருத்தி எழுதிக் கொடுக்கிறாள் என்று வையுங்கள். 'நீ உன் கைமணத்துக்கு மாற்றிக்கொள், பிறருக்கும் கொடு. ஆனால் கொடுக்கும்போது பக்குவத்தை மறைக்காதே' என்று ஒரே ஒரு நிபந்தனை போடுகிறாள். லினக்ஸின் லைசென்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். இங்கே நகல் எடுப்பது திருட்டே இல்லை, கொடுத்தவர்களே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். வேறொரு கடையில் சாப்ட்வேர் எதுவும் போடாமல் வெறும் பெட்டியாகக் கேட்டோம். விலையும் ஐந்நூறு குறைந்தது. பாலிடெக்னிக் படிக்கிற என் நாத்தனார் மகன் லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் எடுத்து வந்தான். முதலில் போடாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டினான். படம், சத்தம், நெட் எல்லாம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் டிஸ்க்கில் போட்டான். பழைய சொந்தக்காரருடைய பைல்கள் எல்லாம் அதோடு அழிந்துவிட்டன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு ஜி.பி. நினைவகம் இருந்தால் நன்றாகவே ஓடுகிறது. என் மாமியார் கூட, "இதுல யாரும் வந்து கேக்க மாட்டாங்க இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்!

பாடத்துக்குச் சரிப்படுமா என்று கேட்பீர்கள். 2018-ல் மாற்றி எழுதிய பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கடிதம் தட்டச்சு செய்வது, கணக்கு அட்டவணை எல்லாமே ஓப்பன் ஆபீஸை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உபுண்டுவைப் பற்றியும் பாடம் இருக்கிறது. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்ததுதான் லிப்ரே ஆபீஸ். அது லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. புத்தகமே இலவச சாப்ட்வேரைச் சொல்லிக் கொடுக்கிறது, நாமோ திருட்டு ஆபீஸைப் போட்டுக் கொடுக்கிறோம். இது என்ன கொடுமை! 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையும் இதில் இருக்கிறது. இந்தக் கடிதத்தையே நான் அதில்தான் அடித்தேன்.

எல்லாவற்றுக்கும் லினக்ஸ் சரியாகிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். டேலி படிக்கிற பிள்ளைகளுக்கு விண்டோஸ் வேண்டியிருக்கும். சில பிரிண்டர்கள் தகராறு பண்ணும். அப்படித் தேவையுள்ளவர்கள் கொஞ்சம் அலைந்தாலும் பரவாயில்லை, ஓ.இ.எம். லைசென்ஸ் ஒட்டிய பெட்டியாகவே தேடி வாங்குங்கள். டேலியில் படிப்பதற்கென்றே காசில்லாத முறை ஒன்று இருக்கிறது. மாதத்தில் சில தேதிகளுக்கு மட்டும்தான் கணக்கு எழுத விடும், பழகுவதற்கு அது போதும்.

"பெரிய கம்பெனிக்கு நம்மால் என்ன நஷ்டம்?" என்று ஒரு தோழி கேட்டாள். நஷ்டம் இருக்காதுதான். அந்தக் கம்பெனி முதலாளி வீட்டில் அடுப்பு எரியாமல் போகாது. என் கவலை கம்பெனியைப் பற்றி இல்லை, என் மகளைப் பற்றி. அவள் கம்ப்யூட்டரில் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே, 'அடுத்தவர் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், மாட்டாமல் இருந்தால் போதும்' என்று இருக்கக் கூடாது. அப்பா நெய்த டிசைனை எவனோ திருடினான் என்று அழுகிற பெண், அதே வேலையைத் தானும் செய்யக் கூடாது.

உதவிக்கு ஆள் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். எங்கள் காஞ்சிபுரத்திலேயே 'காஞ்சி லினக்ஸ் பயனர் குழு' என்று ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இந்த விஷயங்களை எளிய தமிழில் சொல்கிறது.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2006-07 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் இருந்தபோது லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பப் பெட்டிகளில், மத்திய அரசின் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் திறந்தே பார்க்கவில்லை! பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் முழுக்க இலவச சாப்ட்வேரிலேயே நடக்கிறது. அவர்கள் பெட்டியோடு நிற்காமல் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2025 பட்ஜெட்டில் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 20 லட்சம் கம்ப்யூட்டர் தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். கூடவே பயிற்சியும் வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் விற்கிற அண்ணன் தம்பிகளுக்கும் சொல்கிறேன். லைசென்ஸ் இருந்தால் இருக்கிறது என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இல்லாதவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். அதற்குக் கூலி கேளுங்கள், தாராளமாகக் கொடுக்கிறோம். அது உங்கள் உழைப்பு.

சகோதரிகளே, அடுத்த தடவை வீட்டில் பழைய கம்ப்யூட்டர் பேச்சு வந்தால் ஆண்களிடம் விட்டுவிடாதீர்கள், கூடவே போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன சாப்ட்வேர்? என்ன வகை லைசென்ஸ்? பில்லில் எழுதித் தருவீர்களா? பதில் சரியில்லை என்றால், "வெறும் பெட்டியாக் குடுங்க, நாங்க லினக்ஸ் போட்டுக்கறோம்" என்று சொல்லுங்கள். ஜரிகையை உரசிப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய விஷயமா என்ன?

– ஒரு நெசவாளர் வீட்டு இல்லத்தரசி,
ஓரிக்கை, காஞ்சிபுரம்.